ராஜாத்தியின் மகள்

வீரணன் என்ற மனிதர் கொலைகாரர் ஆகாமல் தடுக்க எனக்குப் பதினேழு நிமிடம் பிடித்தது. பதினேழாவது நிமிட முடிவில், பெற்ற மகள் செத்துப்போனாள் என்று ஊருக்குச் சொல்ல அவர் ஒப்புக்கொண்டார். மறுநாள் காலை தேனிப் பக்கத்தில் இருக்கும் அவருடைய ஊர் முக்கில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் நின்றது. அதில் சிரித்துக்கொண்டிருந்த அந்த மகள் தாரிகா அந்த நேரத்தில் திண்டுக்கல்லில் எங்கள் மையத்து நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். படம் கைபேசிக்கு வந்ததும் பிட்டெடுத்த இட்லியைத் தின்னவும் முடியாமல் வைக்கவும் தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"என்னடி பாக்குற, இதுக்குத்தானே ராத்திரியெல்லாம் சாமி கும்பிட்ட? சாப்பிடு" என்றேன். என் வாய் அப்படி. ஆறுதல் சொல்லத் தெரியாத வாய்க்கு ஆறுதல் சொல்கிற வேலை கிடைத்தால் வேறென்ன நடக்கும்?

என் பெயர் மங்கையர்க்கரசி. டி.வி. சீரியல்களில் அம்மாக்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதுரை அம்மா, கோயம்புத்தூர் அம்மா, நாகர்கோவில் அம்மா, எல்லாரும் என் தொண்டைக்குள்தான் குடியிருந்தார்கள். நிஜத்தில் நான் யாருக்கும் அம்மா இல்லை, கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பிறகு குரல்களைக் கணினியே செய்யப் பழகிவிட்டது. வேலை போய் வீட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோதுதான் ரூபன் கூப்பிட்டான். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். நிறைய படித்தவன். 'இணக்கம்' என்று ஒரு அறக்கட்டளையின் திண்டுக்கல் மையத்தில் 'துணை' என்ற மென்பொருளைச் செய்து வைத்திருந்தான்.

"ஒரு பொண்ணு வேற சாதிப் பையனோட போயிடுறா மேடம். வீட்ல அரிவாளைத் தேடுறாங்க. அந்த நேரத்துல அந்த அப்பாகிட்ட யாராவது பேசணும். என்ன பேசினா அவர் உட்காருவார்னு துணைக்குத் தெரியும். அந்தப் பொண்ணுகிட்ட அப்பாவைப் பத்தி இருநூறு கேள்வி கேட்டு வச்சுக்கும். அவர் மூச்சு விடுறதைக் கேட்டே அடுத்த வரியைத் திரையில எழுதும். நீங்க வாசிச்சா போதும்."

"அதுவே பேசிட வேண்டியதுதானே? என் பொழைப்பைக் கெடுத்ததே அதோட பங்காளிதானே?"

"மிஷின்னு சந்தேகம் வந்தாலே ஜனங்க போனை வச்சிடுறாங்க. மூச்சு விடுற மனுஷி வேணும்."

"பொய் சொல்லணுமா?"

அவன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பத்தொன்பது வயதுப் பெண், கல்லூரி அடையாள அட்டையோடு. "போன வருஷம் நாங்க இந்தப் பொண்ணோட அப்பாகிட்ட உண்மையை மட்டும்தான் பேசினோம். சட்டம் சொன்னோம், நியாயம் சொன்னோம். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுக்கிட்டார். சாயந்தரம் செஞ்சிட்டார்."

அன்றைக்கே வேலையில் சேர்ந்தேன்.

தாரிகாவுக்கு ஆறு வயதிருக்கும்போதே வீரணனின் மனைவி இறந்துவிட்டாள். தலைவாரிப் பின்னி, சோறு கட்டிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு, ஒண்டியாக வளர்த்த மனிதர். அவள் வேறு சாதிப் பையன் அகிலனோடு போன அன்று அவருடைய தம்பியும் பங்காளிகள் நான்கு பேரும் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் பைக்குகள் நின்றன. அப்போதுதான் நான் போன் செய்தேன்.

"அண்ணே, எம்பேரு ராஜாத்தி. கம்பத்துப் பக்கம்."

"யாரும்மா நீ? போனை வையி."

"வச்சிருவேன்ணே. எம்மக பாண்டிமீனாவும் இப்படித்தேன் போனா. அன்னிக்கு எனக்கு ஒரு ஆளு போன் பண்ணல. அதேன் பண்றேன்."

அவர் வைக்கவில்லை. திரையில் வரிகள் ஓடின. மகளைப் பற்றிப் பேசாதே, அவருடைய மரியாதையைப் பற்றிப் பேசு என்று துணை எழுதியது. பேசினேன்.

"அருவாளைத் தூக்குனா நாளைக்கு டி.வி.ல உங்க மூஞ்சி வரும்ணே. கையில வெலங்கோட. நம்ம ஆளுக அத்தனை பேரும் தலையக் குனிஞ்சு நிக்கணும். நம்ம ரத்தம் அப்படி நிக்கலாமா?"

நம்ம ரத்தம். அகிலனின் ஆட்கள்தான் என் ஆட்களும். அந்த இரண்டு சொல்லையும் சொல்லும்போது எனக்கு வாய் கசந்தது. ஆனால் மறுமுனையில் மூச்சு நிதானப்பட்டது, திரையில் பச்சை ஏறியது.

"அப்ப என்னதேன் பண்ணச் சொல்ற?" என்றார்.

"செத்துட்டான்னு வைங்க. நான் அப்படித்தேன் வச்சேன். ஃபிளெக்ஸ் அடிச்சேன், தலை முழுகுனேன், பதினாறு கும்பிட்டேன். ஊரு வாயி அன்னியோட மூடிருச்சு. செத்தவளப் போயி எவன் என்ன பேசப் போறான்?"

ரொம்ப நேரம் அழுதார். பிறகு, "சரி தங்கச்சி" என்றார்.

ஓடிப்போன பெண்ணைத் தலைமுழுகுவது எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற வழக்கம்தான். துணை அதைக் கண்டுபிடிக்கவில்லை. பழைய வழக்குகளைப் படித்து ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டது. தலைமுழுகிய வீட்டில் வெட்டு விழுவது குறைவு. அதன் பிறகு கோபப்படுகிற ஒவ்வொரு அப்பாவையும் அந்தப் பக்கமாகவே ஓட்ட ஆரம்பித்தது. நான் பேசிய இரண்டு வருடத்தில் நாற்பத்து மூன்று பெண்களுக்கு அஞ்சலி ஃபிளெக்ஸ் எழும்பியது. நாற்பத்து மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ரூபன் ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொல்வான், நானும் தலையாட்டுவேன்.

ஆனால் அவர்களில் ஒருத்தி, வத்தலக்குண்டு நர்ஸ் பெண், ஒருநாள் மையத்துக்கு வந்து என் மேசை முன்னால் நின்றாள். "எங்கப்பா கோவிச்சுக்கிட்டாருதான். ஆனா ஈ எறும்பைக்கூட நசுக்க மாட்டாரு. நீங்க சும்மா விட்டிருந்தா பொங்கலுக்குள்ள தானா வீட்டுக்கு வந்திருப்பாரு. இப்ப எனக்குத் திவசம் குடுக்குறாரு" என்றாள். அவள் போன பிறகு ரூபனைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தாளு வெட்டியிருக்கவே மாட்டார். அவருக்கும் எதுக்கு ஃபிளெக்ஸ்?"

"வெட்ட மாட்டார்னு யாருக்குத் தெரியும்? நூத்துல ஆறு வாய்ப்புன்னு துணை சொல்லுச்சு. ஆறுக்கு உங்க தங்கச்சியை விடுவீங்களா?"

"கோவிச்சுக்கிட்ட அப்பன் மனசு மாறுவான் ரூபன். செத்துட்டான்னு மொட்டை போட்ட அப்பன் எந்த மூஞ்சியோட மாறுவான்?"

"உயிரோட இருந்தாதானே மேடம் மத்ததெல்லாம்?" என்றான். எரிச்சலில் டீ குடிக்கப் போனேன்.

வீரணனோடு பேச்சு அந்தப் பதினேழு நிமிடத்தோடு முடியவில்லை. மனம் திரும்பவும் அரிவாள் பக்கம் போய்விடாமல் இருக்க மாதம் ஒருமுறை பேச வேண்டும் என்பது மையத்தின் முறை. எனவே மாதம் ஒருமுறை நான் ராஜாத்தி ஆனேன். முதலில் மகளைப் பற்றி ஒன்றும் பேசமாட்டார். வாழைக்குத் தண்ணீர் இல்லை, முழங்கால் குத்துகிறது, ரசம் வைத்தால் புளிப்பு தூக்கலாகிவிடுகிறது என்பார். நான் வைவேன். "ஒத்தை ஆளுக்கு அம்புட்டுப் புளியா? ஆயுசுக்கும் பல்லு கூசும்ணே." சிரிப்பார். கொஞ்ச நாளில் மாதம் ஒன்று என்பது வாரம் ஒன்றாகியது. துணை பல நேரம் திரையில் ஒன்றும் எழுதாது. நானே பேசிக்கொண்டிருப்பேன். அவரோடு பேசுகிற நாளில் எனக்கு மனசு நன்றாக இருக்கும். அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது.

பாண்டிமீனாவைப் பற்றியும் கேட்பார். என்ன படித்தாள், என்ன சாப்பிடுவாள், கோபம் வந்தால் என்ன செய்வாள். எல்லாவற்றையும் அப்போதைக்கப்போது இட்டுக்கட்டிச் சொன்னேன். கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரி, மீன் தொடமாட்டாள், கோபம் வந்தால் போய்க் குளித்துவிட்டு வருவாள்.

ஒரு வியாழக்கிழமை அவர் சொன்னார்: "தங்கச்சி, நம்மூருப் பய ஒருத்தன் கோயம்புத்தூர்ல எம்மகளப் பாத்திருக்கான். மாசமா இருக்காளாம்."

ஊரில் அவள் இருக்கிற இடம் தெரிந்துவிட்டது. திரை சிவந்தது.

"நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டார்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்கண்ணே?"

"ஆத்தா இல்லாத பிள்ளை. வளையல் போட யாரு இருக்கா?" என்றார். "ஊருக்கு முன்னால எள்ளுந்தண்ணியும் எறச்சவன் நான். தனியாப் போக எனக்குத் தெம்பு இல்ல. அன்னிக்கு நீ மொத பண்ணுன, நான் ஒம் பின்னால பண்ணுனேன். இதையும் நீயே மொத பண்ணு. ரெண்டு பேரும் போயி பாண்டிமீனாவப் பாப்பம். பாத்துட்டு அங்கிட்டிருந்தே எம்மககிட்ட போவம். சேல எடுத்து வச்சிருக்கேன். ரெண்டு சேல. ஒன்னு ஒம்மகளுக்கு."

துணை வரிகளை எழுதியது. 'நான் போனேன், பாண்டிமீனா முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்திவிட்டாள், போனதே தப்பு' என்று சொல்லச் சொன்னது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

"அப்படியே சொல்லுங்க" என்றான் ரூபன். "அவர் குரல்ல பாசம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அந்த ஊர்ல தம்பி இருக்கான், பங்காளிங்க இருக்காங்க. இவர் மனசு மாறினது அவங்களுக்குத் தெரிஞ்சா பின்னாடியே வருவாங்க. நேர்ல சந்திக்க விட்டா நூத்துல இருபத்தெட்டு ஆபத்து."

"மிச்சம் எழுபத்திரண்டு?"

"எழுபத்திரண்டுக்கு வளைகாப்பு. இருபத்தெட்டுக்கு என்னன்னு நான் சொல்லணுமா?"

அன்றிரவு நான் தூங்கவில்லை. அந்த மனிதர் இல்லாத பிள்ளைக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறார். அவரிடம் இன்னொரு பொய்யைச் சொன்னால் நானே என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று தோன்றியது. விடிந்ததும் தாரிகாவுக்குப் போன் செய்து, அப்பா பார்க்க ஆசைப்படுகிறார் என்று மட்டும் சொன்னேன். பதினோரு மணிக்குள் ஏழு மாத வயிற்றோடு திண்டுக்கல்லுக்கே வந்துவிட்டாள். அகிலனிடம் சொல்லாமல், பஸ்ஸில், நின்றுகொண்டே.

"சனியனே, நிக்கிற பஸ்லயா வருவ?"

"அப்பா நெஜமாவே கேட்டாராக்கா? என்னன்னு கேட்டாரு? அதே மாதிரி சொல்லுங்க" என்றாள். சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது. அப்பாவும் மகளும் பேசப் போகிறார்கள். இனி நடுவில் ராஜாத்தி எதற்கு?

ரூபன் வெளியே போயிருந்தான். தாரிகாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, வீரணனைக் கூப்பிட்டேன். முதல் தடவையாக என் சொந்தக் குரலில் பேசினேன்.

"அண்ணே, நான் ராஜாத்தி இல்ல. என் பேர் மங்கையர்க்கரசி. திண்டுக்கல்ல ஒரு மையத்துல வேலை பாக்குறேன். அன்னிக்கு உங்க கோவம் ஆறணும்னு பேசினேன். நான் சொன்னதெல்லாம் கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்தது. என்னை மன்னிச்சிருங்க."

நான் மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். என் ஆட்கள் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதற்குத் தைரியம் போதவில்லை.

"அப்ப பாண்டிமீனா?" என்றார்.

"இல்லண்ணே."

"இல்லன்னா? எறந்துட்டாளா?"

"பொறக்கவே இல்லண்ணே."

அந்த மனிதர் விம்மினார். எனக்கு இல்லாத மகளுக்காக அழுதார். பிறகு குரல் மாறியது.

"எம்மகளுக்கு எழவு கூட்டச் சொல்லிக் குடுத்தவ நீதானடி. உயிரோட இருக்குறவளுக்கு நான் கொள்ளிக்குடம் உடைச்சேன். பிண்டம் வச்சேன். காக்கா தின்னுச்சா இல்லையான்னு நின்னு பாத்தேன். நீ யாருடி? ஒனக்கு நான் என்ன செஞ்சேன்?"

தாரிகா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்பா... நான்தேன்பா. தாரிகா. உங்ககிட்டத்தேன்பா வரணும்னு இருக்கேன்... அப்பா..." அதற்குமேல் முடியாமல் மேசையில் கவிழ்ந்து அழுதாள்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம்தான் பேசினார். கோபம்கூட இல்லை.

"நல்லா இருக்கும்மா. கொரலு அப்படியே எம்மக கொரலு. இதையும் கம்ப்யூட்டரே எழுதிக் குடுத்துச்சா?"

"அண்ணே, சத்தியமா உங்க மகதான். வீடியோல வரச் சொல்றேன், முகத்தைப் பாருங்க."

"மூஞ்சி செய்யிறதெல்லாம் எங்கூரு கல்யாண வீடியோக்காரனே செய்யிறான். செத்தவுகளக் கொண்டாந்து பந்தியில உக்கார வைக்கிறான்." ஒரு பெருமூச்சு வந்தது. "இந்தா அழுகுற பிள்ளை யாரு பெத்த பிள்ளையோ. இந்த வேலைக்கெல்லாம் பொம்பளப் பிள்ளைகள வைக்காதீகம்மா. பாவம்."

போனை வைத்துவிட்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தாரிகா நிமிரவே இல்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்ய?

ரூபன் வந்து ஒலிப்பதிவைக் கேட்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"ஏன் மேடம் சொன்னீங்க?"

"என்னால முடியல ரூபன். அந்தாளு சேலை எடுத்து வச்சிருக்கார்."

"உங்களால முடியல. அதான் விஷயம். உங்க மனசு லேசாகணும்னு மூட்டையை அவர் தலையில இறக்கி வச்சிட்டீங்க. நாங்க சொல்ற பொய்யாவது இன்னொருத்தர் உயிருக்காக."

சுள்ளென்று ஏறியது. "நீ பேசாத. நூத்துல இருபத்தெட்டு, நூத்துல ஆறுன்னு நீ எத்தனை பொண்ணுங்களைப் புதைச்சிருப்ப? ஒரு அப்பன்கிட்டயாவது இத்தனை வருஷத்துல நேரா பேசியிருக்கியா?"

"பேசியிருக்கேன்." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அடையாள அட்டை போட்ட பொண்ணு. உங்களுக்குக் காட்டினேனே. அந்த அப்பாகிட்ட சட்டமும் நியாயமும் பேசினது நான்தான்."

அவன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவனைத் திட்டியது தப்பு என்றும் பட்டது, தப்பில்லை என்றும் பட்டது.

தாரிகா எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். என் எதிரில் நின்றாள்.

"அக்கா, ராஜாத்தியா பேசுங்க."

"என்னடி?"

"உங்க சொந்தப் போன்ல இருந்து கூப்பிடுங்க. காலையில பேசினது நான் இல்லன்னு சொல்லுங்க. எவளோ உங்க குரல்ல பேசிட்டான்னு சொல்லுங்க. எங்கப்பா என்னை நம்ப மாட்டாரு. ராஜாத்தியை நம்புவாரு."

"உனக்குக் கூறு கெட்டுப்போச்சா? அவர்கிட்ட இப்பதான் உண்மையைச் சொல்லியிருக்கேன்."

"உங்க உண்மையை வச்சு நான் என்னக்கா பண்றது?" என்று கத்தினாள். "எனக்கு அப்பா வேணும். இன்னும் ரெண்டு மாசத்துல நான் பிள்ளை பெறணும். பொய் சொல்லித்தானே சாகடிச்சீங்க? பொய் சொல்லியே கொண்டாங்க."

அவளைப் பார்த்தேன். பிறகு என் கைபேசியை எடுத்தேன். துணை இருக்கும் திரை அணைந்து கிடந்தது. அதைப் போட்டால் ரூபனுக்குத் தெரிந்துவிடும். போடவில்லை.

நான்காவது மணியில் எடுத்தார். "யாரு?"

"அண்ணே, ராஜாத்தி. போனு தொலைஞ்சு போச்சுண்ணே, இது புது நம்பரு."

"தங்கச்சி!" என்றார். அந்தக் குரலை என்னால் மறக்கமுடியாது. திருவிழாவில் தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி ஒரு குரல். "எனக்குத் தெரியும் தங்கச்சி. எனக்கு அப்பவே தெரியும். காலையில ஒருத்தி ஒன் கொரல எடுத்துக்கிட்டுப் பேசுனா. நீ இல்லவே இல்லன்னா. பாண்டிமீனா பொறக்கவே இல்லன்னா. எந்த ஆத்தாவாச்சும் அப்படிச் சொல்லுவாளா? அவளுக்கு எப்பேர்ப்பட்ட வாயி பாரு. ஒன் போனத் திருடுனவளுக வேலைதேன்."

நான் யோசித்துவைக்க வேண்டிய பொய்யை முழுதாக அவரே செய்து வைத்திருந்தார். தாரிகா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள்.

"ஆமண்ணே. அவளுக வேலைதேன்."

"பாண்டிமீனா நல்லா இருக்காள்ல?"

"நல்லா இருக்காண்ணே. போயிப் பாத்துட்டேன். வீட்டுக்குள்ள கூப்புட்டு உக்கார வச்சுச் சோறு போட்டா." எழுதிக் கொடுக்கத் திரை இல்லாமல், நானாகச் சொன்னேன். "ஒங்க மகளும் ஒங்களத்தேன் தேடுதாம். ஞாயித்துக்கிழமை வளையல் போடுறாகளாம். திண்டுக்கல்லுல. வாங்கண்ணே."

"நீயும் வருவீல?"

"வருவேன்."

"பாண்டிமீனா?"

"அவளும் வருவா."

அழுதுகொண்டே சிரித்தார். கண்ணாடி வளையல் எந்த ஊரில் நன்றாக இருக்கும் என்று கேட்டார். எலுமிச்சஞ்சாதம் தானே கிண்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். அவர் பேசிக்கொண்டே இருந்தபோது பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டது. ஏதோ கேட்கிற மாதிரி. வீரணன் போனைப் பொத்திக்கொண்டு பதில் சொல்வதுபோலவும் இருந்தது. டீக்கடையாக இருக்கலாம். டி.வி.யாக இருக்கலாம்.

"பக்கத்துல யாருண்ணே?"

"யாருமில்ல தங்கச்சி."

"எத்தனை பேரு வருவீக?"

"நான் மட்டுந்தேன்" என்றார். சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி எடுத்துக்கொண்டார். அந்த ஒரு நொடியில் என்ன இருந்தது என்று துணைக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் அவருடைய மூச்சைக் கேட்டிருக்கிறேன், ஆனாலும் தெரியவில்லை. இடம் எங்கே என்று கேட்டார். சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

போனை வைத்ததும் தாரிகா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"தனியாத்தானேக்கா வருவாரு? சித்தப்பா ஆளுங்க யாரும் கூட வர மாட்டாங்கல்ல? உங்களுக்குத் தெரியும்ல?"

நாற்பத்து மூன்று அப்பாக்களை உட்காரவைத்த குரல் எனக்கு இருக்கிறது. அதை எடுத்தேன்.

"தனியாத்தான்டி வருவார்" என்றேன். "எனக்குத் தெரியாதா உங்கப்பாவை?"

அவள் நம்பிவிட்டாள். பச்சை வளையல் வாங்கலாமா சிவப்பு வாங்கலாமா என்று கேட்க ஆரம்பித்தாள்.